வீகன் உணவுக்கு மாறிய பிறகு உடம்பில் தோன்றும் எதிர்பாராத தொந்தரவுகள்: காரணத்தைக் கண்டுபிடிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

பால், தயிர், நெய், முட்டை, மீன், இறைச்சி எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு வீகன் உணவுக்கு மாறியவர்களில் பலர், கொஞ்ச நாளில் ஏதாவது ஒரு தொந்தரவைச் சொல்லத் தொடங்குகிறார்கள். ஒருவருக்கு வயிறு உப்புசம், இன்னொருவருக்குத் தலைவலி, வேறொருவருக்கு முடி கொத்தாகக் கொட்டுகிறது. வீட்டில் இருப்பவர்கள் “தயிரை நிறுத்தினாயே, அதுதான்” என்று உடனே தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்கள். கொள்கையில் உறுதியானவர்களோ “உடம்பிலிருந்த நச்சு வெளியேறுகிறது, பொறுத்துக்கொள்” என்கிறார்கள். இரண்டுமே தவறான பதில்கள். முதலாவது, நல்ல முயற்சியைத் தேவையில்லாமல் கைவிட வைக்கும். இரண்டாவது அதைவிட மோசம். நரம்பு கெட்டுப்போகும் வரை காத்திருக்க வைக்கும்.

சரியான பதிலை அடைய ஒரு கேள்வி போதும்: தொந்தரவு எப்போது தொடங்கியது? முதல் வாரத்தில் வருவதற்கும், மூன்றாவது மாதத்தில் வருவதற்கும், இரண்டு மூன்று ஆண்டுகள் கழித்து வருவதற்கும் காரணங்கள் வேறு வேறு. மாறிய பத்தாவது நாளில் வரும் சோர்வுக்கு பி12 வைட்டமின் குறைபாடு காரணமாக இருப்பது அரிது. மூன்றாம் ஆண்டில் பாதம் மரத்துப்போனால், அதைப் பருப்பு ஒத்துக்கொள்ளாததன் கணக்கில் எழுதக் கூடாது.

முதலில் எழுதி வையுங்கள்

ஒரு தாளை எடுத்துக்கொள்ளுங்கள். உணவை மாற்றிய தேதி, தொந்தரவு தொடங்கிய தேதி இரண்டையும் குறியுங்கள். அடுத்து, நிறுத்திய பொருட்களை அளவோடு எழுதுங்கள்: காலையில் ஒரு டம்ளர் காபி, மதியம் ஒரு கிண்ணம் தயிர், வாரம் இரண்டு நாள் மீன் என்று. அதன் எதிரே, புதிதாகச் சேர்ந்தவற்றை எழுதுங்கள். இந்தப் பகுதியைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். தொந்தரவு பாதி நேரம் விட்டதால் வருவதில்லை. புதிதாகச் சேர்த்ததால் வருகிறது. தினமும் முந்திரிப்பால், சோயா, ஒரு பெரிய கோப்பை பச்சைக் கீரைச் சாறு என்று உடம்புக்குப் பழக்கமில்லாத பொருட்கள் அளவுக்கு மீறி உள்ளே போயிருக்கும். முந்திரி, நிலக்கடலை, எள், சோயா ஆகிய நான்கும் சிலருக்கு ஒவ்வாமை தருபவை. சாப்பிட்ட சிறிது நேரத்தில் உதடு வீங்குவது, தடிப்பு எழும்புவது, மூச்சு இரைப்பது போன்றவை வந்தால் அந்தப் பொருளை அன்றே நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். மூச்சுத் திணறினால் நேராக அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும்.

வழக்கமாகச் சாப்பிடும் மாத்திரைகளையும் அதே தாளில் எழுதுங்கள். அவை ஏன் முக்கியம் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

முதல் சில நாட்கள்: தலைவலி

தமிழ்நாட்டில் வீகன் உணவுக்கு மாறுகிறவர்களுக்கு இரண்டாம் நாளே வரும் தலைவலிக்குப் பெரும்பாலும் காரணம் காபி. பால் இல்லாத காபி பிடிக்காமல் காபியையே விட்டிருப்பார்கள். தினமும் குடித்துவந்த கஃபீனைச் சட்டென்று நிறுத்தினால் 12 முதல் 24 மணி நேரத்துக்குள் தலைவலி ஆரம்பிக்கும். ஓரிரு நாளில் உச்சத்துக்குப் போகும். சோர்வு, எரிச்சல், தூக்கக் கலக்கம் சேர்ந்து வரும். அதிகம் போனால் ஒன்பது நாளில் அடங்கிவிடும். பாலுக்கும் இதற்கும் தொடர்பில்லை. கடுங்காபியோ ஓட்ஸ் பால் சேர்த்த காபியோ குடித்துப் பாருங்கள். தலைவலி விட்டால் காரணம் தெரிந்துவிட்டது. காபியே வேண்டாம் என்பவர்கள் ஒன்றிரண்டு வாரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கலாம்.

முதல் சில வாரங்கள்: வயிறும் பசியும்

பருப்பு, பயறு, கொண்டைக்கடலை, காராமணி ஆகியவற்றில் ராஃபினோஸ், ஸ்டாக்கியோஸ் என்ற சர்க்கரை வகைகள் இருக்கின்றன. இவற்றை உடைக்கும் நொதி மனிதக் குடலில் கிடையாது. செரிக்காமல் பெருங்குடலுக்குப் போகும் இவற்றை அங்குள்ள பாக்டீரியா புளிக்க வைக்கிறது, வாயு உண்டாகிறது. இது நோயில்லை. தொடர்ந்து சாப்பிட்டால் குடலின் பாக்டீரியா சில வாரங்களில் பழகிக்கொள்கிறது, பலருக்கு வாயுவும் குறைகிறது. ஆனால் முதல் நாளே ஒரு கிண்ணம் சுண்டலை வெறும் வயிற்றில் சாப்பிட்டால் யாராலும் தாங்க முடியாது. பாசிப்பருப்பு, மைசூர்ப் பருப்பு போன்ற தோல் நீக்கிய பருப்புகளில் சிறு அளவில் தொடங்கி, பிறகு முழுப் பயறுகளுக்குப் போங்கள். கொண்டைக்கடலையை இரவு முழுக்க ஊறவைத்து, ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டு வேறு தண்ணீரில் குழைய வேகவையுங்கள். அந்தச் சர்க்கரையில் ஒரு பகுதி ஊறிய தண்ணீரோடு போய்விடும்.

நார்ச்சத்து கூடி, குடிக்கும் தண்ணீர் கூடாவிட்டால் மலச்சிக்கல் வரும். இரண்டும் கூடினால் ஒரு வேளைக்கு இரண்டு வேளை மலம் போகும், அது சாதாரணம். இரத்தம் கலந்து போவது, இரவில் தூக்கத்தைக் கலைத்து எழுப்பும் பேதி, சில வாரங்களுக்குப் பிறகும் குறையாத வயிற்றுவலி இவை சாதாரணம் அல்ல.

இந்த வாரங்களில் வரும் சோர்வு, தலைசுற்றல், கை கால் சில்லிடுவது ஆகியவற்றுக்குப் பெரும்பாலான நேரம் காரணம் பசிதான். இரண்டு டம்ளர் பால், ஒரு கிண்ணம் தயிர், ஒரு மேசைக்கரண்டி நெய் ஆகியவற்றைக் கழித்தால் ஏறத்தாழ 400 கலோரி கழிகிறது. அந்த இடத்தில் வெள்ளரிக்காயும் கீரையும் வந்தால் வயிறு நிறையும், சக்தி கிடைக்காது. எடை வேகமாக இறங்கினால் மகிழ்ந்துவிடாதீர்கள். பெண்களுக்கு மாதவிடாய் தள்ளிப்போனால் அதை உடம்பின் எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ளுங்கள். கர்ப்பம் இல்லை என்று உறுதிசெய்துகொண்டு, சாப்பாட்டின் அளவைக் கூட்டுங்கள். ஒரு கைப்பிடி வறுத்த நிலக்கடலையில் சுமார் 170 கலோரியும் 7 கிராம் புரதமும் இருக்கின்றன. இட்லிக்குத் தேங்காய்ச் சட்னிக்குப் பதில் நிலக்கடலைச் சட்னி, சாம்பாரில் பருப்பு கெட்டியாக, மாலையில் சுண்டல், வாரத்தில் சில நாள் சோயா உருண்டை என்று சேர்த்தாலே பலருக்குத் தலைசுற்றல் நின்றுவிடுகிறது. நாளொன்றுக்கு எடைக் கிலோவுக்குச் சுமார் 0.8 கிராம் புரதம் என்ற கணக்கு ஆரோக்கியமான பெரியவர்களுக்குப் பொருந்தும். ரசம் சோறும் அப்பளமும் மட்டும் அந்தக் கணக்கை எட்டாது.

பயப்பட வேண்டாத இரண்டு நிறங்கள்

உள்ளங்கையும் உள்ளங்காலும் மஞ்சளாகின்றனவா? கேரட், பப்பாளி, பரங்கிக்காய், சர்க்கரைவள்ளிக் கிழங்கு ஆகியவற்றை நாள்தோறும் நிறையச் சாப்பிட்டால் அவற்றிலுள்ள கரோட்டின் தோலில் தங்கும். இதை மஞ்சள் காமாலையிலிருந்து பிரித்தறிய, ஜன்னல் வெளிச்சத்தில் கண்ணாடி முன் நின்று கீழ் இமையை இழுத்துப் பாருங்கள். கண்ணின் வெள்ளை விழி வெண்மையாகவே இருந்தால் கரோட்டின். அளவைக் குறைத்தால் தானே மறையும். விழியும் மஞ்சளாக இருந்தால் அன்றே மருத்துவரிடம் போங்கள்.

பீட்ரூட் சாப்பிட்ட பிறகு சிறுநீர் சிவப்பாகப் போவதும் எல்லோரையும் திடுக்கிட வைக்கும். எல்லோருக்கும் இப்படி ஆவதில்லை. இரும்புச்சத்து குறைந்தவர்களுக்கு இது அதிகம் நேர்கிறது என்பதால் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. பீட்ரூட் சாப்பிடாமல் சிறுநீர் சிவந்தால் அது வேறு விஷயம்; பரிசோதனை செய்தே ஆக வேண்டும்.

மூன்று மாதம் முதல் ஓராண்டு வரை: முடி, மூச்சு, கழுத்து

முடி கொட்டுவது தாமதமாக வரும் அறிகுறி. உடம்புக்கு ஓர் அதிர்ச்சி நேர்ந்தால், எடை சட்டென்று குறைந்தால், சாப்பாடு போதாமல் போனால், அதன் விளைவு தலைமுடியில் தெரிய இரண்டு மூன்று மாதம் ஆகும். ஆகவே முடி கொட்டும்போது போன வாரம் என்ன சாப்பிட்டோம் என்று யோசிப்பதில் பயனில்லை. மூன்று மாதத்துக்கு முன் எப்படிச் சாப்பிட்டீர்கள் என்று அந்தத் தாளைப் பாருங்கள். காரணம் சரியானால் முடி திரும்ப வளரும்.

முடியோடு சேர்த்து மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குவது, இரவில் காலை ஆட்டிக்கொண்டே இருக்கத் தோன்றுவது, பச்சரிசியையோ பல்பத்தையோ ஐஸ் கட்டியையோ தின்னும் ஆசை ஆகியவை இருந்தால் இரும்புச்சத்தைச் சந்தேகியுங்கள். அரிசி மெல்லும் பெண்ணைக் கெட்ட பழக்கம் என்று திட்டுகிற வீடுகள் இன்னும் இருக்கின்றன. திட்டுவதை விட்டுவிட்டு இரத்தப் பரிசோதனைக்கு அழைத்துப் போங்கள்.

தாவரங்களில் உள்ள இரும்பு, இறைச்சியில் உள்ளதைப் போல எளிதில் உடம்பில் சேராது. சாப்பாட்டோடு குடிக்கும் தேநீரும் காபியும் அதை மேலும் தடுக்கும்; வைட்டமின் சி உள்ள பொருள் அதைச் சேர்த்துக்கொள்ள உதவும். எனவே சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துத் தேநீர் குடியுங்கள். பயறு, கீரை உணவுகளில் எலுமிச்சை பிழியுங்கள், அல்லது சாப்பாட்டோடு கொய்யாவோ நெல்லிக்காயோ சாப்பிடுங்கள். பயறை முளைகட்டினால் இரும்பைப் பிடித்துவைக்கும் ஃபைட்டேட் குறையும். பாட்டி காலத்து இரும்புச் சட்டியில் புளிக்குழம்பு வைத்தால் சட்டியின் இரும்பு கொஞ்சம் குழம்பில் இறங்கும். அந்தச் சட்டியைப் பரணிலிருந்து இறக்கிவிடுங்கள்.

அயோடின் பற்றி யாரும் பேசுவதில்லை. மீனிலும் பாலிலும் கிடைத்துவந்த அயோடின் இரண்டையும் விட்ட பிறகு உப்பிலிருந்து மட்டுமே வர வேண்டும். வீகன் உணவுக்கு மாறும் பலர் அதே சமயத்தில் “இயற்கையானது” என்று இந்துப்புக்கும் சாதாரணக் கல் உப்புக்கும் மாறிவிடுகிறார்கள். அயோடின் சேர்க்காத உப்பை மனிதர்கள் நேரடியாக உண்பதற்கு விற்க 2006 முதல் இந்தியாவில் தடை இருக்கிறது. ஆனாலும் அத்தகைய உப்பு கடைகளில் தாராளமாகக் கிடைக்கிறது. குளிர் தாங்காமை, மலச்சிக்கல், காரணமில்லாத எடை ஏற்றம், குரல் கம்முவது, கழுத்தின் முன்புறம் வீக்கம் ஆகியவை தென்பட்டால் தைராய்டு பரிசோதனை செய்யுங்கள். அதற்கு முன்பே அயோடின் சேர்த்த உப்புக்குத் திரும்பிவிடுங்கள். தினமும் கம்பும் சோயாவும் அதிகம் சாப்பிடுகிறவர்களுக்கு இது இன்னும் அவசியம், ஏனென்றால் இவை தைராய்டு வேலைக்குக் குறுக்கே நிற்கும் பொருட்களைக் கொண்டவை.

கால்சியம் குறைந்தால் பெரும்பாலும் எந்த அறிகுறியும் தெரியாது; எலும்பு தன் சேமிப்பைக் கொடுத்துக்கொண்டே இருக்கும். ஆகவே தொந்தரவு வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது. கேழ்வரகு 100 கிராமில் சுமார் 350 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது. எள்ளும் அகத்திக்கீரையும் அதைவிட அதிகம். வீட்டில் பிழிந்த தேங்காய்ப்பாலில் கால்சியம் மிகக் குறைவு. வெண்மையாக இருப்பதால் அதைப் பசும்பாலுக்கு ஈடாக நினைக்க வேண்டாம். பசலை வகைக் கீரைகளில் கால்சியத்தைப் பிடித்துவைக்கும் ஆக்சலேட் அதிகம் என்பதால் அவற்றின் கால்சியம் சரியாக உடம்பில் சேராது. அவற்றைப் பச்சையாக அரைத்து நாள்தோறும் குடித்தால் சிறுநீரகக் கல் வரும் வாய்ப்பும் உண்டு. இடுப்பிலிருந்து அடிவயிற்றுக்கு இறங்கும் கடும் வலி வந்தால் அந்தச் சாற்றைப் பற்றி மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

ஆண்டுகள் கழித்து வருவது: பி12

இந்தக் கட்டுரையில் ஒரு பகுதியை மட்டும்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

பி12 வைட்டமினைச் செடியும் தயாரிப்பதில்லை, விலங்கும் தயாரிப்பதில்லை. பாக்டீரியா மட்டுமே தயாரிக்கிறது. மாட்டின் இரைப்பையில் வாழும் நுண்ணுயிரிகள் தயாரிப்பதுதான் பாலுக்கு வருகிறது. இங்கிலாந்தில் வீகன் சொசைட்டி தொடங்கப்பட்டது 1944இல். பி12 பிரித்தெடுக்கப்பட்டது 1948இல். இப்படி ஒரு சத்து இருப்பதே தெரியாமல் அந்த முன்னோடிகள் உணவை மாற்றியிருந்தார்கள். அவர்களில் சிலருக்கு நாக்கு எரிச்சலும் கை கால் மதமதப்பும் வந்ததை 1950களில் மருத்துவர்கள் பதிவு செய்தார்கள். அந்த அறியாமை இன்று நமக்குக் கிடையாது. ஆகவே அதே தொல்லையை இன்று ஒருவர் அனுபவிப்பதை நினைத்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

கல்லீரலில் பி12 மில்லிகிராம் கணக்கில் சேமிக்கப்படுகிறது. ஒரு நாளைக்குத் தேவை இரண்டரை மைக்ரோகிராமுக்கும் குறைவு. அதனால் நிறைவான சேமிப்போடு தொடங்குகிறவருக்குப் பல ஆண்டுகள் எதுவும் தெரியாது. ஆனால் நம் ஊர்க் கதை வேறு. இறைச்சி, முட்டை சாப்பிடாமல் பாலும் தயிரும் மட்டும் சாப்பிட்டு வளர்ந்தவர்களில் பி12 குறைவு ஏற்கெனவே பரவலாக இருக்கிறது. அவர்கள் மோரையும் விட்டுவிட்டால் காலியான பெட்டியிலிருந்து செலவு செய்வது போலத்தான். மேல்நாட்டுப் புத்தகங்கள் சொல்லும் “மூன்று முதல் ஐந்து ஆண்டு” அவகாசம் அவர்களுக்குக் கிடையாது.

அறிகுறிகளை உன்னிப்பாகப் பாருங்கள். நாக்கின் மேலுள்ள சொரசொரப்பு மறைந்து வழவழவென்று சிவந்திருக்கும், காரம் பட்டால் எரியும். விரல் கணுக்களின் மேல்தோல் கருக்கும். நம் நிறத்தவர்களுக்கு இது நல்ல தடயம், பல மருத்துவர்கள் கையைத் திருப்பி முதலில் இதைத்தான் பார்க்கிறார்கள். பிறகு பாதங்களில் எறும்பு ஊர்வது போன்ற உணர்வு, இரண்டு கால்களிலும் ஒரே மாதிரி. நடக்கும்போது பஞ்சின்மேல் கால் வைப்பது போலிருக்கும். செருப்பு கழன்று விழுந்தது தெரியாமல் நாலடி நடந்துவிடுவார்கள். முகம் கழுவக் கண்ணை மூடிக் குனிந்தால் உடம்பு தள்ளாடும். காலின் நிலையை மூளைக்குச் சொல்லும் நரம்புப் பாதை கெட்டிருப்பதைக் கண் இதுவரை ஈடுகட்டிக்கொண்டிருந்திருக்கும். மருத்துவர் ஓர் இசைக்கவையைத் தட்டி, கால் பெருவிரல் எலும்பின்மேல் வைத்து “அதிர்வு தெரிகிறதா?” என்று கேட்பார். வலியோ சூடோ தெரிகிற காலில் இந்த அதிர்வு மட்டும் தெரியாமல் போயிருக்கும். மறதி, மனச்சோர்வு, எரிச்சல் ஆகியவையும் பி12 குறைவால் வரக்கூடும்.

இரத்தசோகை இல்லாமலேயே நரம்பு கெடலாம் என்பதுதான் இதிலுள்ள பெரிய அபாயம். கீரையும் பயறும் நிறையச் சாப்பிடும் வீகன்களுக்கு ஃபோலேட் என்ற இன்னொரு பி வைட்டமின் தாராளமாகக் கிடைக்கும். அது இரத்த அணுக்களில் தெரிய வேண்டிய மாற்றத்தை மறைத்துவிடும். “ஹீமோகுளோபின் நன்றாக இருக்கிறது, பயமில்லை” என்று யாராவது சொன்னால் அதோடு விட்டுவிடாதீர்கள்.

இட்லி மாவு புளிப்பதாலும் பழைய சோற்றாலும் பி12 கிடைத்துவிடும் என்ற நம்பிக்கை நம்மிடம் உண்டு. நல்ல உணவுகள்தான், ஆனால் பி12க்கு இவற்றை நம்ப முடியாது. ஸ்பைருலினாவில் இருப்பது பெரும்பாலும் நம் உடம்புக்குப் பயன்படாத போலி வடிவம். மாத்திரைதான் வழி. வீகன் உணவில் இருப்பவர் மாத்திரை எடுப்பதைத் தோல்வியாகக் கருதக் கூடாது. அந்த உணவின் ஒரு பகுதி அது.

தினமும் 10 மைக்ரோகிராம், அல்லது வாரத்துக்கு ஒருமுறை 2000 மைக்ரோகிராம் என்பது வீகன் சொசைட்டி பெரியவர்களுக்குச் சொல்லும் அளவு. இவ்வளவு வித்தியாசம் ஏன் என்றால், ஒரு வேளையில் குடல் இயல்பான வழியில் எடுத்துக்கொள்வது ஒன்றரை, இரண்டு மைக்ரோகிராம்தான். அதற்கு மேல் இருப்பதில் நூற்றில் ஒரு பங்கே உள்ளே போகும். இது குறைபாடு வராமல் தடுக்கும் அளவு. மேலே சொன்ன நரம்பு அறிகுறிகள் வந்துவிட்டால் இது போதாது. ஊசி தேவைப்படலாம், மருத்துவர் தீர்மானிக்க வேண்டும். நரம்பு தேற மாதங்கள் ஆகும். நெடுநாள் கவனிக்காமல் விட்டது முழுதாகத் திரும்பாமலும் போகலாம்.

எந்தப் பரிசோதனை, எப்போது

பி12 மாத்திரை தொடங்கும் முன் பரிசோதனைக்கு இரத்தம் கொடுங்கள். தொடங்கிவிட்டால் பி12 எண் உயர்ந்து உண்மை நிலை மறைந்துவிடும். முழு இரத்த எண்ணிக்கை, இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின், பி12, வைட்டமின் டி, தைராய்டு நிலையைக் காட்டும் டி.எஸ்.எச். ஆகிய ஐந்தும் போதும். பி12 மில்லிலிட்டருக்கு 200 பிகோகிராமுக்குக் கீழே இருந்தால் குறைபாடு. 200க்கும் 300க்கும் இடையில் இருந்தால் சந்தேக வட்டம். சந்தேகம் இருந்தால் ஹோமோசிஸ்டீன் அல்லது மீத்தைல்மலோனிக் அமிலப் பரிசோதனையை மருத்துவரிடம் கேளுங்கள்.

இரும்பு குறைந்தால் சிவப்பணு சிறியதாகும், பி12 குறைந்தால் பெரியதாகும். இரண்டும் ஒன்றாகக் குறைந்தால் சராசரி அளவு சரியாக இருப்பதாகவே அறிக்கை காட்டும். அதனால்தான் ஃபெரிட்டினையும் பி12ஐயும் தனித்தனியாகப் பார்க்கச் சொல்கிறேன்.

மாத்திரை சாப்பிடுகிறவர்கள்

சர்க்கரை நோய்க்கு மெட்ஃபார்மின் நெடுநாள் எடுப்பவர்களுக்கும், நெஞ்செரிச்சலுக்கு ஒமிப்ரசோல், பான்டோப்ரசோல் போன்றவற்றைத் தொடர்ந்து எடுப்பவர்களுக்கும் பி12 உடம்பில் சேர்வது குறையும். இன்சுலினோ கிளிமிப்பிரைடு போன்ற மாத்திரையோ எடுப்பவர்களுக்கு உணவு மாறியதும் சர்க்கரை திடீரென்று இறங்கி வியர்வையும் நடுக்கமும் வரலாம். முதல் வாரங்களில் அடிக்கடி சர்க்கரை பார்த்து மருத்துவரிடம் அளவைத் திருத்திக்கொள்ளுங்கள். இரத்த அழுத்த மாத்திரைக்கும் இதேதான்.

இதய வால்வு அறுவைக்குப் பின் வார்ஃபரின் அல்லது அசெனோகூமரால் எடுப்பவர்கள் கீரையின் அளவைத் தடாலடியாகக் கூட்டக் கூடாது. கீரையின் வைட்டமின் கே மருந்தின் வேலையைக் குறைத்து இரத்தம் உறைய வழிசெய்யும். தைராய்டு மாத்திரைக்கும் சோயா உணவுக்கும் நான்கு மணி நேர இடைவெளி விடுங்கள். சிறுநீரகம் பாதிக்கப்பட்டவர்கள் இளநீர், வாழைப்பழம், பயறு ஆகியவற்றைத் தாங்களாகக் கூட்டக் கூடாது. பொட்டாசியம் ஏறினால் இதயத் துடிப்பு கெடும். அறுவைச் சிகிச்சைக்குப் போகும் வீகன்கள் மயக்க மருத்துவரிடம் தங்கள் உணவைச் சொல்ல வேண்டும். நைட்ரஸ் ஆக்சைடு வாயு உடம்பிலுள்ள பி12ஐச் செயலிழக்கச் செய்யும். சேமிப்பு குறைந்தவருக்கு அதனாலேயே நரம்புப் பாதிப்பு வெளிப்படக்கூடும்.

கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மார்களும்

தாய்க்கு எந்தத் தொந்தரவும் தெரியாமலேயே தாய்ப்பாலில் பி12 குறைந்திருக்கலாம். பிறந்தபோது நன்றாக இருந்த குழந்தை சில மாதங்கள் கழித்து மந்தமாகும். சிரிப்பது குறையும், நின்றிருந்த தலை சாயும், கற்றுக்கொண்டதை மறக்கும், தோல் கருக்கும், சில குழந்தைகளுக்குக் கை கால் நடுங்கும். கண் திருஷ்டி என்றும் மாந்தம் என்றும் நினைத்து ஒரு நாளையும் வீணாக்க வேண்டாம். குழந்தைநல மருத்துவரிடம் போனவுடன் முதல் வாக்கியமாகத் தாயின் உணவு என்ன, பி12 மாத்திரை எடுத்தாரா என்பதைச் சொல்லுங்கள். கருத்தரிக்கத் திட்டமிடும்போதே பி12 பரிசோதனை செய்து, மருத்துவர் சொன்ன அளவில் மாத்திரையைத் தொடங்கி, பால் குடி மறக்கும் வரை தொடருங்கள்.